முப்பத்தைந்தில் ஒரு பங்கு

அரியலூர்
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

லாவண்யா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் சுகம். அங்கே உங்கள் இருமல் நின்றதா, நான் அனுப்பிய கம்பளி பனியன் வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். நீங்கள் சிரித்தால் என் கோபத்தில் பாதி போய்விடும். கல்யாணமாகி நான்கு வருஷமாக அப்படித்தான் போயிருக்கிறது. இந்தக் கோபம் சிந்தாமல் சிதறாமல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமானூர் நிலத்தில் அறுப்பு முடிந்தது. கடைசி மழையில் சாய்ந்தது போக மிச்சம் நன்றாகவே தேறியது. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தெருவில் சிமெண்ட் ஆலை லாரிகள் முன்னைவிட அதிகம். ஜன்னலைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி வெள்ளையாக இருக்கிறது. நான் வழக்கம்போல் எட்டு மணி பஸ்ஸில் பெரம்பலூர் பல் லேபுக்குப் போய் வருகிறேன். முழுப் பல்செட் வேலைகளையெல்லாம் கிருஷ்ணமூர்த்தி சார் இப்போது என்னிடமே தந்துவிடுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி இருபதாம் தேதி சிந்து ஒரு போட்டோ அனுப்பினாள். உங்கள் கூட இருக்கும் பூலாம்பாடி ராஜராஜன் அண்ணன் மனைவிதான். அங்கே குவார்ட்டர்ஸில் இருப்பவள். ரெஜிமென்ட் விழாவில் கைவினைப் போட்டி நடந்ததாம். பச்சைத் துணி விரித்த மேஜை. நடுவில் நான் செய்து உங்களுக்கு அனுப்பிய பொம்மை டாங்கி. அதற்கு முன்னால் ஒரு அட்டை. முதல் பரிசு, செய்தவர் நாயக் சுரேஷ்குமார் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நீங்கள்.

போட்டோவுக்குப் பின்னாலேயே சிந்து பேசி அனுப்பியிருந்தாள். “அக்கா, அண்ணனுக்கு இம்புட்டு கைவேலை தெரியும்னு நீங்க சொல்லவே இல்லியே! பெரிய ஆபீசர் சாப்பே தொட்டுத் தொட்டுப் பாத்தாராம், நெசமான இரும்பு மாதிரியே இருக்குன்னு.”

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? ஆமாம் சிந்து, அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் என்று போட்டேன். உங்கள் மானம் போய்விடக் கூடாதே என்று விரல் தானாக அடித்துவிட்டது. நீங்கள் சொன்ன பொய்யை மன்னித்தாலும் மன்னிப்பேன். என்னைச் சொல்ல வைத்த இந்தப் பொய்தான் இன்றைக்கும் சுடுகிறது.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் நீங்கள் போன் செய்தீர்கள். டாங்கியின் மேலே சுழலும் அந்தத் தலையில் இருக்கும் சொரசொரப்பு எப்படி வந்தது, என்ன தடவினாய், எதால் தடவினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். ஒரு நாளும் கேட்காதவர் கேட்கிறாரே என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அடுப்பில் பாலை வைத்துவிட்டு அரைமணி நேரம் சொன்னேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அத்தை திட்டினார். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அதிகாரிகள் கேட்டால் திக்காமல் பதில் சொல்வதற்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அது எப்படி வந்தது என்று இப்போது நான் மறுபடி சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் நம் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன பிறகு நான் மூன்று மாதம் லேபுக்குப் போகவில்லை. அப்போதுதான் லீவில் வந்த நீங்கள் ஜெய்ப்பூரில் வாங்கிய, பாகங்களை ஒட்டிச் செய்யும் அந்தப் பிளாஸ்டிக் டாங்கிக் கிட்டைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். “நா ஓட்டுற வண்டி இதான் புள்ள. ஒட்டிப் பாரு, பொழுது போவும்” என்று சொன்னீர்கள். அதற்காக உங்களை நான் கும்பிட்டிருக்கிறேன். இப்போதும் அதை மறுக்கவில்லை.

ஒட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் முடித்துப் பார்த்தபோது டரட் என்று நீங்கள் சொல்லும் அந்தச் சுழலும் தலை சோப்பு டப்பா மாதிரி வழவழவென்று இருந்தது. நிஜ வண்டியும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டேன். போட்டோ அனுப்பக் கூடாது என்பது உங்கள் சட்டம். வாயால் சொன்னீர்கள். “இல்ல புள்ள, அது வார்ப்பு. கைய வச்சா பழைய கரும்பு ஆட்டுற மெஷின் மாதிரி மொரமொரன்னு இருக்கும்” என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எறையூருக்குப் போனேன். எங்கள் அப்பா வீட்டுக் கொல்லையில் அந்தக் காலத்துக் கரும்பு மெஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. வெயிலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தேன். இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அம்மா பயந்துபோய் வேப்பிலையோடு வந்து நின்றாள்.

திரும்பி வந்து கோலமாவைப் பசையில் கலந்து ஒரு ஷாம்பு பாட்டில் மூடியில் தடவினேன். கருணைக்கிழங்குத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. மாடல் என்பது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அப்படியானால் சொரசொரப்பும் முப்பத்தைந்தில் ஒரு பங்காகத்தானே இருக்க வேண்டும்? ஒரு மணல் பருக்கை அங்கே கூழாங்கல்லாகிவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஆனால் விரலுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

அது எனக்குப் பழக்கமான வேலை. பல்செட்டில் ஈறு வழவழவென்று இருந்தால் பொய் ஈறு என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். நிஜ ஈறில் ஆரஞ்சுத் தோல் மாதிரி நுண்ணிய குழி இருக்கும். மெழுகில் டூத் பிரஷ்ஷால் குத்திக் குத்தித்தான் அதைக் கொண்டுவருவோம். ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

கார் பட்டறைக்காரர்கள் ஒடுக்கு அடைக்க வாங்கும் புட்டிப் பசையைத் தின்னரில் கரைத்துத் தோசைமாவுப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். மயிரை ஒட்ட வெட்டிய பிரஷ்ஷால் தடவாமல் குத்தினேன். பாதி காய்ந்ததும் மறுபடி குத்தினேன். முழுசாகக் காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் மேலே மட்டும் ஒரு தேய்ப்பு. மேடு போய்க் குழி நிற்கும். தின்னர் ஒரு சொட்டுக் கூடினால் பிளாஸ்டிக் இளகிவிடும். ஒரு சொட்டுக் குறைந்தால் பிரஷ்ஷில் நூல் நூலாக வரும். பதினோரு மூடிகளை வீணாக்கிய பிறகுதான் டரட்டைத் தொட்டேன். பின்வாசல் பக்கம் நாலு மணி வெயில் சாய்வாக விழும்போதுதான் குழி சரியாகத் தெரியும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வேலை. வெல்டிங் கோடுகளை எம்-சீல் பசையை நூலாக உருட்டி, பல் செதுக்கும் கத்தியால் கீறிச் செய்தேன். சங்கிலிப் பட்டையில் இருக்கும் தூசி கூட நம் ஜன்னல் கம்பியிலிருந்து வழித்ததுதான். அரியலூர்ச் சுண்ணாம்புத் தூசி ராஜஸ்தான் மணல் என்று பெயர் வாங்கிவிட்டது. அதற்கும் பரிசு உங்களுக்குத்தான்.

அத்தை கதையையும் கேளுங்கள். நான் குத்திக்கொண்டிருந்த நாளெல்லாம், “பொம்ம வண்டிக்குச் சொறி புடிக்க வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா பாரு” என்று பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காவிடம் சொன்னவர் அவர். உங்கள் சித்தி வந்திருந்தபோது, பிள்ளை இல்லாதவள் பொம்மையை வைத்துக்கொண்டு விளையாடுகிறாள் என்று சித்தி சொன்னாரே, அதற்கும் அத்தை வாய் திறக்கவில்லை. இப்போது போட்டோவைப் பார்த்ததும் அதே பொம்மை, “எம் மவன் கையால செஞ்சது, பட்டாளத்துலயே மொத பரிசு” என்று தெரு முழுக்கப் போய்வந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் காபி ஆற்றிக் கொடுத்தது நான். அது நீங்கள் சொன்ன சொறிதானே அத்தை என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

அதையும் விழுங்கியிருப்பேன் மாமா. ஆனால் முந்தாநாள் நீங்கள் மறுபடி போன் செய்தீர்கள். அதிகாரி இன்னொரு கிட் வாங்கிக் கொடுத்திருக்கிறார், மெஸ்ஸில் வைக்க வேண்டும், மார்ச்சில் புதுப் பையன்களுக்கு எதிரே செய்துகாட்டவும் சொல்லியிருக்கிறார், நான் கிட்டை அனுப்புகிறேன், நீ டரட்டை மட்டும் முடித்து அனுப்பு, யாரிடமும் மூச்சு விடாதே என்றீர்கள். அட்டையில் உங்கள் பெயர் இருந்ததே என்று மட்டும் கேட்டேன். “அட, நீ வேற நா வேறயா?” என்று சிரித்தீர்கள். விசில் சத்தம் கேட்டது. வைத்துவிட்டீர்கள்.

வேறுதான்.

ரேஷன் கார்டில் ஒன்றாக இருக்கலாம். அடுப்பு ஒன்று, குலதெய்வம் ஒன்று. ஆனால் அந்தப் பிரஷ்ஷைப் பிடித்த கை வேறு. நீங்கள் நாற்பது டன் வண்டியை மணலில் ஓட்டுகிறீர்கள். அதை நான் ஓட்டினேன் என்று யாரிடமாவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் சிரிப்பீர்கள். ஊரும் சிரிக்கும். ஏனென்றால் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் பொய்யை எல்லோரும் நம்பினார்கள். எனக்கு வலிப்பது அதுதான். ஆண் பிள்ளை கை செய்தது என்றால் கலை. நான் செய்தால் சொறி. ஒரு பிள்ளையை இழந்த வருஷத்தில் என் கை உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான். அதில் போய் உங்கள் பெயரை எழுதிவிட்டீர்களே.

கிட்டை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி விடுவேன். செய்முறை முழுவதையும் மேலே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்தைக்கூட மறைக்கவில்லை. நீங்களே செய்யுங்கள். முடியாவிட்டால் யார் செய்தது என்று சொல்லுங்கள். இரண்டில் எது உங்களுக்குச் சுலபம் என்று நானும் பார்க்கிறேன்.

குளிரில் தலையை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதீர்கள். கோபத்தில் எழுதினாலும் அதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
எறையூர் கண்ணையன் மகள்
லாவண்யா


அரியலூர்
30.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. நலமாக இருக்கிறீர்கள் என்று அதற்குள் நீங்கள் எழுதி வைத்திருந்த நான்கு வரியிலிருந்து ஊகித்துக்கொண்டேன். இங்கேயும் நலம்.

என் கடிதம் கிடைத்த பிறகு முப்பத்தொரு நாள் நீங்கள் என்னிடம் பேசவில்லை. அத்தைக்கு மட்டும் போன் வரும். “அவ எங்க?” என்று கேட்பீர்களாம், கூப்பிடவா என்றால் வேண்டாம் என்பீர்களாம். அதில் ஒரு பத்து நாள் நான் தவித்துப்போனேன் என்பது நிஜம். அப்படியும் எழுதியதில் ஒரு வரியைக்கூடத் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றவில்லை.

நடந்ததை எல்லாம் நீங்கள் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. வழக்கம்போலச் சிந்து சொல்லித்தான் தெரிந்தது. எல்லோரும் படுக்கும் லைன்ஸில் உட்கார்ந்து நீங்களே புட்டி கரைத்தீர்களாம். தின்னர் வாசனையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டார்களாம். கடைசியில் அதிகாரி வாங்கிக் கொடுத்த கிட்டின் டரட் இளகி ஒரு பக்கம் சரிந்துவிட்டதாம். செய்துகாட்டும் நாளில் முப்பது பேருக்கு எதிரே அதைக் கையில் தூக்கிக்கொண்டு நின்று, “சாப், போன தடவ வச்சது நா செஞ்சது இல்ல. என் சம்சாரம் செஞ்சது. எனக்கு இது வராது” என்று இந்தியில் சொன்னீர்களாம். சொல்லும்போது ராஜராஜன் அண்ணனுக்கே வேர்த்துவிட்டதாம்.

இரண்டு வாரம் கூடுதல் காவல் போட்டார்கள் என்றும் சொன்னாள். கேடயத்தை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றும், வேறு அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அந்தப் போட்டோவும் வந்தது. ‘திருமதி லாவண்யா சுரேஷ்குமார், அரியலூர்’ என்று இருக்கிறது. பாருங்கள், அப்படியும் அட்டையில் பாதி நீங்கள்தான்! போகட்டும், அந்த அளவு பங்கு உங்களுக்கு உண்டு. கிட் வாங்கித் தந்தவர் நீங்கள்.

உங்கள் நான்கு வரியைப் பலமுறை படித்துவிட்டேன். கிளார்க் இது யாருடையது என்று கேட்டார், என்னுடையது என்று சொன்னேன், அவர் செய்தவர் என்று எழுதிவிட்டார், அப்புறம் வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அந்த ‘அப்புறம் வாய் வரவில்லை’ என்பது இரண்டு மாதம் நீடித்தது என்பதையும் நான் மறக்கப்போவதில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்ற வார்த்தையை எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது.

அத்தையிடமும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். இங்கே நடந்ததைக் கேளுங்கள். போனை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? தெருவெல்லாம் என்னையப் பேச வுட்டுட்டு வேடிக்க பாத்துக்கிட்டு நின்னியே” என்று என்னையே திட்டினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தப்புச் செய்தது மகன், திட்டு மருமகளுக்கு. ஆனால் மறுநாள் மலர்க்கொடி அக்கா வந்தபோது, “அது எம் மருமவ செஞ்சதுடி. கை அப்புடி அவளுக்கு” என்றார். என் முகத்தைப் பார்க்காமல், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னார். நானும் கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

பார்சலில் நீங்கள் அனுப்பியிருந்த, சரிந்துபோன அந்த டரட்டை நாலு மணி வெயிலில் வைத்துப் பார்த்தேன். உங்களைப் போல் எழுதி அடிக்காமல் சொல்கிறேன், படுமோசம். பிரஷ்ஷை வைத்து இழுத்திருக்கிறீர்கள். நான் குத்த வேண்டும் என்றல்லவா எழுதினேன்? புட்டியும் தடிமன். ஆனால் பின்பக்கம், வளைவு இறங்கும் இடத்தில், ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சரியாக வந்திருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் பெருவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அதை நான் தேய்க்கவில்லை.

நீங்கள் எழுதியிருந்த கடைசி வரிக்கு இப்போதுதான் வருகிறேன். இவ்வளவு நேரமும் அதைத் தள்ளிப்போட்டேன். மே மாதம் உங்கள் வண்டிகள் எல்லையில் மலைமேல் போகின்றன, அங்கே போன் கிடைப்பது கஷ்டம், அதற்கு முன் பத்து நாள் லீவு கிடைக்கலாம் என்று மூன்று வரியிலாவது எழுதியிருக்க வேண்டியதை ஒரே வரியில் அடக்கிவிட்டீர்கள்.

போன கடிதத்தில் ஒன்றை நான் சொல்லவில்லை. சொரசொரப்பு சரியாக வரும்வரை பதினோரு மூடிகளை எதற்காக வீணாக்கினேன் என்பதை. வழவழவென்று விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த இரும்புக்குள்தானே நீங்கள் உட்காருகிறீர்கள் மாமா. உங்களுக்கும் வெளியே இருப்பதற்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதானே. அது எத்தனை கெட்டி என்று என் விரலுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் கெட்டி, கெட்டி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே குத்தினேன். சிந்து கேட்டால் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டு வந்தேன். வரும் வழியில் யோசித்து முடிவு செய்தேன். லீவில் வரும்போது அந்த மிச்சக் கிட்டையும் எடுத்து வாருங்கள். புது டரட்டுக்கு கிருஷ்ணமூர்த்தி சார் லேபில் அச்சு எடுத்து வார்க்கலாம் என்கிறார். குத்துவது நான். சங்கிலி எங்கே தொய்யும், எங்கே இறுகும் என்பது ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அது உங்கள் வேலை. அட்டையில் என்ன எழுதுவது என்று இருவரும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இந்த மாதம் சிந்து மூலமாக நானே இன்னொரு கிட் வரவழைத்து ஆரம்பித்திருக்கிறேன். இது வீட்டுக்கு. குறிப்புத் தாளில் டிரைவர் உட்காரும் இடத்து மூடியை மூடியும் ஒட்டலாம், திறந்தும் ஒட்டலாம் என்று இரண்டு படம் போட்டிருக்கிறான். மூடியபடி ஒட்டினால்தான் அழகு. நான் திறந்தே ஒட்டிவிட்டேன்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
லாவண்யா